நீர்க்குறி காட்டும் நெறி

உரைநடை உலகம்

காய்ச்சலும் வலியும் வீக்கமும் உடல் உரக்கச் சொல்லும் செய்திகள். சிறுநீரகம் அவ்வாறு உரத்துச் சொல்வதில்லை. அது தளர்ந்துகொண்டிருக்கும் ஆண்டுகளில் வலி தோன்றுவதில்லை. அன்றாடப் பணியும் தடைப்படுவதில்லை. அதன் மெல்லிய செய்தி சிறுநீரில் மட்டுமே கலந்து வருகிறது. அச்செய்தியை ஒருமுறை கேட்டு முடிவுசெய்வதற்கும் காலந்தோறும் கேட்டு ஒப்பிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தூத்துக்குடிக் கடற்கரையின் தொழில்வாழ்வோடு இணைத்து விளக்குகிறது இப்பாடம்.

முத்துப்பாரும் முன்னாய்வும்

பொருநை கடலோடு கலக்கும் இடத்தில் பாண்டியரின் துறைமுகமாய்ப் புகழ்பெற்றிருந்தது கொற்கை. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகியபின் காயலும், அதன்பின் தூத்துக்குடியும் முத்து வணிகத்தின் நடுவிடங்களாயின. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் செறிந்து வாழும் கடலடித் திட்டுகளை இக்கரையோர் 'பார்' என்பர்.

ஒரு பாரில் எப்போது முத்துக்குளிப்பது என்பது எளிதில் எடுக்கும் முடிவன்று. சிப்பி இளமையாய் இருப்பின் முத்து முதிர்ந்திராது. காலம் கடந்துவிடின் சிப்பியே அழிந்துபோகும். ஆகவே ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் முத்துக்குளிப்புக்கு நாள் குறிப்பதற்கு முன்னர்ப் பார்கள் ஆய்வு செய்யப்பட்டன. குளியாளர் எடுத்துவந்த மாதிரிச் சிப்பிகளின் வயதும் பருமனும் குறிக்கப்பட்டன. அவற்றில் கிடைத்த முத்துகள் மதிப்பிடப்பட்டன. ஓராண்டில் சிப்பி நிறைந்திருந்த பார் அடுத்த ஆண்டில் வெறுமையாய்க் கிடந்ததும் உண்டு. எனவே ஒருமுறை கண்டதை மட்டும் நம்பாமல் முந்தைய குறிப்புகளோடு ஒப்பிட்டே முடிவு செய்தனர். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் ஒரு பொருளின் இன்றைய நிலையோடு அது செல்லும் திசையையும் அறிய வேண்டும் என்னும் அவ்வாய்வின் அடிப்படை, மனித உடலை ஆராயும் மருத்துவத்திற்கும் பொருந்துகிறது.

உப்பளமும் உடல்நீரும்

முத்து மறைந்த கரையில் உப்பு நிலைத்திருக்கிறது. உப்பு உற்பத்தியில் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு உள்ளது. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினது. உப்பளத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டே ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' என்னும் புதினத்தைப் படைத்தார்.

உப்பு விளைவதற்கு வேண்டியவை வெயிலும் காற்றும். அவ்விரண்டும் மிகுந்த மாதங்களே உழைப்பு மிகுந்த மாதங்களும் ஆகும். பாத்தியில் படிந்த உப்பை வாருபலகையால் வாரி வரப்பில் குவிப்போரும், அதனைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் சேர்ப்போரும் நிழலற்ற வெளியில் நிற்கின்றனர். மேலிருந்து சுடும் வெயிலை வெள்ளை உப்பு கீழிருந்தும் திருப்பி வீசுகிறது. வியர்வையாய் வெளியேறும் நீருக்கு ஈடாக நீர் அருந்தப்படுவதில்லை. கழிப்பறை வசதி இல்லாத இடங்களில், சிறுநீர் கழிக்கும் தேவையைத் தவிர்ப்பதற்காகவே பெண்கள் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர்.

இதன் விளைவைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தனர். 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் அவ்வாய்வு நிகழ்ந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர், பாதுகாப்பானது என வரையறுக்கப்பட்ட அளவினும் மிகுந்த வெப்பத்தில் உழைத்தனர். நூற்றுவரில் எழுவருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. அவர்கள் நோயாளிகளாய் மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்லர். நாள்தோறும் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தவர்கள்.

ஓசையின்றித் தேயும் உறுப்பு

மனிதனின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் குளோமருலஸ் எனப்படும் நுண்குழாய்ச் சுருள் ஒன்று சல்லடையாய் அமைந்திருக்கிறது. இச்சல்லடைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியும் மீண்டும் குருதியில் சேர, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராய் வெளியேறுகிறது.

நெஃப்ரான்களுள் ஒரு பகுதி அழிந்தாலும் எஞ்சியவை அவற்றின் சுமையையும் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு சிறுநீரகத்தைத் தானமாய் அளித்தவர் நலமுடன் வாழ்வது இவ்வாற்றலால்தான். ஆனால் நோயுற்றவருக்கு இதே ஆற்றல் திரையாகவும் அமைந்துவிடுகிறது. பெரும்பகுதி பழுதடையும் வரை அவர் எக்குறையும் உணர்வதில்லை. கால் வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி ஆகியவை தோன்றும்போது இழந்த நெஃப்ரான்களை மீட்க வழியில்லை. வாழ்நாள் முழுவதும் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் என்னும் நிலை அவரைச் சூழ்கிறது. கூலி உழைப்பாளியின் குடும்பத்தில் அது வருவாயையும் பிள்ளைகளின் கல்வியையும் சேர்த்தே முடக்குகிறது.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இந்நோய்க்கான முதன்மைக் காரணங்கள். தொடர் நீரிழப்பும், உடல்வலிக்காக மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளும் வலிநிவாரணி மாத்திரைகளும் கேட்டினை மிகுவிக்கின்றன.

சித்தர் முதல் இன்றைய ஆய்வகம் வரை

சிறுநீரைக் கொண்டு நோயறியும் முறை தமிழர்க்குப் புதியதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் சிறுநீர்த் தேர்வும் ஒன்று. தேரையர் வகுத்த நீர்க்குறியில் நிறம், எடை, நாற்றம், நுரை, எஞ்சல் ஆகியவை நோக்கப்படுகின்றன. நெய்க்குறியில் சிறுநீரின்மேல் நல்லெண்ணெய்த் துளி விடப்படுகிறது. அத்துளி பாம்புபோல் நீண்டால் வளி எனவும், மோதிரம்போல் பரவினால் அழல் எனவும், முத்துப்போல் நின்றால் ஐயம் எனவும் கொள்வது மரபு. இன்றைய வேதிச் சோதனைகளின் அடிப்படை வேறு. எனினும், விடியற்காலைச் சிறுநீரே சோதனைக்கு ஏற்றது என்னும் கருத்தில் பழைய மருத்துவமும் புதிய மருத்துவமும் ஒன்றுபடுகின்றன.

மேலைநாட்டில் 1827இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்டு பிரைட், உடல்வீக்கத்துக்கும் சிறுநீரகப் பழுதுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். கரண்டியில் எடுத்த சிறுநீரைச் சுடரில் காய்ச்சினால், புரதம் கலந்திருப்பின் முட்டையின் வெண்கரு போலத் திரியும். அவ்வெளிய சோதனையே சிறுநீரகவியலின் தொடக்கங்களுள் ஒன்றாயிற்று.

நலமான சல்லடை, ஆல்புமின் என்னும் புரதத்தைக் குருதியிலேயே நிறுத்திக்கொள்கிறது. சல்லடை பழுதுபடத் தொடங்கும்போது அது சிறுநீரில் கசிகிறது. அதனை அறிய இன்று இருவகைச் சோதனைகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, பட்டைச் சோதனை. வேதிப்பொருள் தோய்ந்த பட்டையைச் சிறுநீரில் நனைத்து, அதன் நிறமாற்றத்தை வண்ண அட்டையோடு ஒப்பிடுவர். இது விரைவானது, செலவு குறைந்தது. ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. நீர் அருந்தாதவரின் சிறுநீர் செறிந்திருப்பதால் புரதம் உள்ளதைவிட மிகுதியாய்த் தோன்றலாம். நீர் மிக அருந்தியவரின் சிறுநீரில் அது மறைந்தும் போகலாம். வியர்வையில் நனைந்து உழைப்போரிடம் இப்பிழைக்கு இடம் மிகுதி.

இரண்டாவது, ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகிச் சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள். சிறுநீர் செறிந்தாலும் நீர்த்தாலும் ஆல்புமினும் கிரியாட்டினினும் ஒருசேர மாறுவதால், இரண்டின் விகிதம் பெரிதும் பிறழ்வதில்லை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருப்பது இயல்பு நிலை. 30 முதல் 300 வரை மிதமான மிகுதி. 300க்கு மேற்பட்டது கடுமையான மிகுதி.

தெரிந்து தெளிவோம்

காய்ச்சல், சிறுநீர்த்தொற்று, கடும் உடலுழைப்பு, மாதவிடாய் ஆகிய காலங்களில் சிறுநீரில் ஆல்புமின் தற்காலிகமாக மிகுந்து காணப்படலாம். அக்காலங்களைத் தவிர்த்துச் சோதனை செய்வதும், காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரை எடுப்பதும் நம்பகமான முடிவைத் தரும்.

ஒரு நாளின் அளவும் ஆண்டுகளின் போக்கும்

ஒரே ஒரு சோதனையின் முடிவைக் கொண்டு நாட்பட்ட சிறுநீரக நோயை உறுதிசெய்வதில்லை. பழுதின் அறிகுறி குறைந்தது மூன்று மாதங்கள் நீடிக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்ற வரையறை. எனவே முதல் சோதனையில் ஆல்புமின் மிகுந்திருப்பின், மீண்டும் சோதித்து உறுதிசெய்வர்.

இதனை விளக்க, உப்பளத்தில் உழைக்கும் இருவரைக் கற்பனை செய்து காணலாம். முதலாமவரின் விகிதம் முதற்சோதனையில் 48. அவர் அஞ்சுகிறார். ஆயினும் அன்று அவருக்குக் காய்ச்சல் இருந்தது. ஒரு மாதம் கழித்து 19, மூன்று மாதம் கழித்து 16 என அளவு இறங்கிவிடுகிறது. அவருக்கு நாட்பட்ட நோய் என்று கூற இவ்வளவுகள் இடந்தரவில்லை.

இரண்டாமவரின் விகிதம் முதலாண்டில் 13, இரண்டாமாண்டில் 27. இரண்டும் 30க்குக் குறைந்தவை. தனித்தனியே பார்ப்பவர் 'நலம்' என எழுதிவிடுவர். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்க்கு ஓராண்டில் அளவு இரு மடங்குக்கு மேல் ஏறியிருப்பது புலப்படும். மூன்றாமாண்டில் அது 58. மூன்று மாதம் கழித்து 64. அஞ்ச வேண்டியவர் முதலாமவர் என்று முதல் நாளின் அளவு கூறியது. கவனிக்கப்பட வேண்டியவர் இரண்டாமவர் என்று பின்வந்த அளவுகள் கூறுகின்றன. பழைய தாளைக் கிழித்தெறிந்தவர்க்கு இவ்வுண்மை புலப்படாது.

போக்கினை அறிவதற்கு மற்றொரு பயனும் உண்டு. மருந்து பலன் தருகிறதா என்பதையும் அதுவே காட்டுகிறது. 28 ஆய்வுக் குழுக்களின் வழியே ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரின் தரவுகளைத் திரட்டிய பன்னாட்டு ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளில் ஆல்புமின் விகிதம் 30 விழுக்காடு குறைந்தோர்க்கு, மாற்றமின்றி இருந்தோரைவிடச் சிறுநீரகச் செயலிழப்பு நேரும் இடர் குறைந்திருந்ததை அது காட்டியது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், சல்லடையின்மீதான அழுத்தத்தைத் தணிக்கும் மருந்துகளை மருத்துவர் அறிவுரைப்படி உட்கொள்வதும் இக்குறைவுக்கு வழிகோலுகின்றன.

ஊர்தேடிச் சென்ற சோதனை

இத்தகைய தொடர் சோதனை செல்வருக்கே இயலும் என்னும் எண்ணத்தை மாற்றிக் காட்டியவர் சென்னையைச் சேர்ந்த சிறுநீரகவியல் மருத்துவர் எம். கே. மணி. டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் ஏழைகளுக்கு எட்டாக்கனியாய் இருப்பதைக் கண்ட அவர், நோய் முற்றுவதற்கு முன் தடுப்பதே இந்நாட்டுக்கு ஏற்ற வழி எனக் கருதினார். சென்னையிலுள்ள கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் வழியே 1990களில், சென்னைக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் 25,000 மக்களை உள்ளடக்கிய திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது.

பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மக்களைத் தேடிச் சென்று இரத்த அழுத்தத்தை அளந்தனர், சிறுநீரைச் சோதித்தனர். சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்தபோது சிறுநீர் கலங்கினால் புரதம் உண்டு. பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கியபோது நிறம் மாறினால் சர்க்கரை உண்டு. பள்ளி ஆய்வகத்தில் உள்ள கரைசலே அங்கே கருவியாயிற்று. குறை காணப்பட்டோரை மருத்துவர் சோதித்து, விலை குறைந்த மருந்துகளால் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்தினார். இத்திட்டத்திற்கு ஆண்டொன்றுக்கு ஒருவருக்கு ஆன செலவு 27 அமெரிக்க சென்ட் மட்டுமே.

இன்று இவ்வழியில் அரசும் நடக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்க்கிறது. சிறுநீர்ச் சோதனையின் வழியே சிறுநீரகப் பாதிப்பைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டத்தை 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது.

சோதனையின் எல்லை

எக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. கடும் வெப்பத்தில் உழைப்போரிடையே நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இன்றித் தோன்றும் சிறுநீரக நோய் உலகின் பல பகுதிகளில் காணப்படுகிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள், இலங்கையின் வடமத்திய மாகாணம், ஆந்திரத்தின் உத்தானம் பகுதி ஆகியவற்றில் இவ்வகை நோய் உழவரையும் தொழிலாளரையும் தாக்கியுள்ளது. இதன் காரணம் குறித்த ஆய்வுகள் தொடர்கின்றன. இந்நோயில் சல்லடையைவிட அதனை அடுத்த நுண்குழல்களே பெரிதும் பழுதடைவதால், சிறுநீரில் ஆல்புமின் குறைவாகவே தோன்றலாம்.

ஆகவே உப்பளத் தொழிலாளர்க்குச் சிறுநீர்ச் சோதனை மட்டும் போதாது. குருதியில் உள்ள கிரியாட்டினினை அளந்து, வடிகட்டும் திறனையும் கணக்கிட வேண்டும். இவ்விரு அளவுகளையும் ஆண்டுதோறும் ஒரே அட்டையில் எழுதிவரின் நோயின் போக்குத் தெளிவாகும். நிழலும் ஓய்வும் குடிநீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் சோதனை நோயை அறிவிக்குமேயன்றித் தடுத்துவிடாது. பணியிடத்தில் அவற்றை அமைப்பதும் சிறுநீரகப் பாதுகாப்பின் பகுதியே.

நிறைவாக

பாரினைப் பலமுறை பார்த்தபின் முத்துக்குளித்த கடற்கரை இது. மழையளவையும் உப்பின் விளைச்சலையும் ஆண்டுவாரியாகக் குறித்து வைக்கும் பழக்கமும் இக்கரைக்கு உண்டு. உப்பை விளைவிப்போரின் உடல்நிலைக்கும் அத்தகைய குறிப்பேடு வேண்டும். படித்த பிள்ளை ஒருவர் தம் வீட்டிலுள்ள பெற்றோரின் சோதனைத் தாள்களைக் கால வரிசைப்படி அடுக்கி, எண்களை ஒப்பிட்டு, மாற்றம் கண்டவிடத்து அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராயின், நோய் மறைந்திருக்கும் ஆண்டுகளிலேயே அதற்குத் தடை எழும். அறிகுறி தோன்றிய பின் கிட்டாத காலத்தை அத்தாள்கள் அக்குடும்பத்திற்கு ஈட்டித் தருகின்றன.

சொல்லும் பொருளும்

பார் – முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டு
அம்பாரம் – உப்புக் குவியல்
வளி, அழல், ஐயம் – வாதம், பித்தம், கபம்
எஞ்சல் – குறைதல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள முதியோரின் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர்ச் சோதனை அளவுகளை, அவர்கள் ஒப்புதலோடு கால வரிசையில் அட்டவணைப்படுத்துக.
2. வெயிலில் உழைப்போர்க்குப் பணியிடத்தில் செய்துதர வேண்டிய வசதிகளை வலியுறுத்தி, மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் எழுதுக.
3. நீர்க்குறி, நெய்க்குறி குறித்துச் சித்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக

1. சிறுநீரகப் பழுதின் அறிகுறி குறைந்தது எத்தனை மாதங்கள் நீடித்தால் நாட்பட்ட நோய் எனக் கொள்ளப்படும்?
அ) ஒன்று ஆ) இரண்டு இ) மூன்று ஈ) பன்னிரண்டு

குறுவினா

2. பட்டைச் சோதனையின் குறையை ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் எவ்வாறு நீக்குகிறது?
3. உப்பளப் பெண்கள் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வது ஏன்?

சிறுவினா

4. 13, 27 ஆகிய இரு அளவுகளும் இயல்பு எல்லைக்குள் இருந்தும் கவனத்திற்குரியவை ஆவது எவ்வாறு? விளக்குக.
5. வெப்பத்தில் உழைப்போர்க்குச் சிறுநீர்ச் சோதனையுடன் குருதிச் சோதனையும் தேவைப்படுவதன் காரணத்தைக் கூறுக.

நெடுவினா

6. 'சிறுநீரக நலத்தைக் காப்பதில் தொடர் சோதனையும் பணியிட வசதியும் இரு கண்கள்' – இக்கருத்தைத் தூத்துக்குடிக் கடற்கரைத் தொழில்வாழ்வை முன்வைத்து நிறுவுக.